214 ட்ராக் விற்றிருக்கிறது, கையில் ஒரு சதமும் இல்லை: கணக்குத் தெரிந்தவர்கள் வாருங்கோ

இரவு_பேஸ் | கொக்குவில் | யூலை 5, 2024, இரவு 11.18

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் டெக்னோ செய்கிறேன். பாடப்புத்தகத் தமிழில் இலத்திரனியல் இசை, அம்மாவின் தமிழில் "உந்த டொம் டொம்". தொடங்கியது 2022 பங்குனியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம். என் மடிக்கணனிப் பற்றரி ஒன்றரை மணித்தியாலம் தாங்கும். அதற்குள் ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டை) செய்து சேமித்துவிட வேண்டும். அதனால் என் ட்ராக்குகளில் ஆறேழு ஒலிக்கு மேல் இருக்காது. கேட்டவர்கள் "மினிமல்" என்று பாராட்டினார்கள். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஐரோப்பாவில் ஒரு சின்ன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம், பெயர் வேண்டாம்) என் இரண்டு ட்ராக்கை இபியாக, அதாவது சின்னத் தொகுப்பாக, வெளியிட்டது. டீஜேக்கள் பாட்டு வாங்கும் கடைகளில் எல்லாம் போட்டார்கள். ஒரு ட்ராக் 1.49 டொலர். நேற்றுத்தான் முதல் வருடக் கணக்கு எக்செல் கோப்பாக வந்தது. சுருக்கித் தருகிறேன்.

விற்றது 214. வாங்கியவர்கள் கொடுத்த மொத்தம் 318.86 டொலர். கடைகளின் பங்கு போக 191.32. விநியோகத்தரின் 15 வீதம் போக 162.62. மாஸ்டரிங், அட்டைப்படச் செலவு 60 டொலரைக் கழித்தால் 102.62. அதில் என் பாதி 51.31.

அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 100 டொலருக்குக் குறைந்த மீதி அடுத்த வருடத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.

இப்போது அதே லேபிள் இரண்டாவது இபி கேட்கிறது. கொடுக்கவோ? உங்களுக்கெல்லாம் ட்ராக் விற்று என்ன வருகிறது? வெட்கப்படாமல் தொகையைச் சொல்லுங்கோ. லைக் எத்தனை என்று எல்லோரும் சொல்கிறார்கள், காசு எத்தனை என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.


கணக்கப்பிள்ளை | நல்லூர் | யூலை 6, காலை 6.40

தம்பி, காலைத் தேத்தண்ணியோடு உங்கள் கணக்கைப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. களவு இல்லை. களவு இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

எனக்கு இந்த இசை விளங்காது. மகன் செய்கிறான், அதனால் கணக்குப் பக்கம் மட்டும் தெரியும். பீட்போர்ட் 2004இல் அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய இணையக் கடை, டீஜேக்களுக்கென்றே. தனி ஆள் நேரே போய்த் தன் பாட்டை அங்கே வைக்க ஏலாது, லேபிளோ விநியோகத்தரோ வேண்டும். ஆகவே கடை, விநியோகத்தர், லேபிள் என்று மூன்று கை தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. வாங்கியவர் கொடுத்த நூறு சதத்தில் உங்களுக்குப் பதினாறு. ட்ராக் ஒன்றுக்கு 24 சதம்.

அந்த 60 டொலரை மட்டும் கவனியுங்கோ. உங்கள் லேபிள் அதை மொத்தத்தில் கழித்துவிட்டுப் பாதி பிரித்திருக்கிறது. சில ஒப்பந்தங்களில் முதலில் பாதி பிரித்துவிட்டு, முழுச் செலவையும் பாட்டுக்காரன் தலையில் போடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் 81.31இல் 60 போய் உங்களுக்கு 21.31தான். அந்த வகையில் இவர்கள் நல்ல மனிதர்கள். செலவு ஒருமுறைதான் என்பதால் இனி விற்கும் ஒவ்வொன்றுக்கும் 38 சதம் வரும்.

ஆனால் 100 டொலர் தொட இன்னும் 129 விற்க வேண்டும். டீஜே இசை புதுசாக இருக்கும்போதுதான் ஓடும், பிறகு மாதம் இரண்டு மூன்று. அந்த 51 டொலர் அங்கேயே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். ஒப்பந்தம் முடிந்தால் மீதியைத் தருவார்களா என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பாருங்கோ. அது இல்லையென்றால் இரண்டாவது இபி பற்றிக் கதைக்கவே வேண்டாம்.


பறை_808 | சாவகச்சேரி | யூலை 6, காலை 9.05

மச்சான், நான் போன வருடம் விற்றது 37. உன்னை விட எனக்குக் கூட வந்தது. நம்புவியோ?

பேண்ட்காம்ப், பாட்டுக்காரர் நேரே விற்கும் இணையதளம். லேபிள் இல்லை, ஒருவரும் இல்லை. அவர்கள் எடுப்பது 15 வீதம், ஒரு வருடத்தில் 5,000 டொலருக்கு மேல் விற்றால் 10 வீதம் (அந்தக் கவலை எனக்கில்லை). அதற்கு மேல் வங்கி அட்டைக்காரரின் கட்டணம். 3 டொலருக்குப் போட்டால் கையில் இரண்டு டொலருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஒரு டொலருக்குப் போடாதே, நிலையான கட்டணமே கடித்துத் தின்றுவிடும். நான் அந்தப் பிழையை ஆறு மாதம் செய்தேன்.

37இல் 29 எங்கட ஆட்கள். தொரன்டோ, லண்டன், ஒன்று ஒஸ்லோ. குறைந்த விலைக்கு மேல் எவ்வளவும் கொடுக்கலாம் என்ற வசதி அங்கே இருக்கிறது. ஒருவர் 3 டொலர் ட்ராக்குக்கு 20 டொலர் போட்டுவிட்டு, "எங்கட ஊர்க் கோவில் வாசலில நின்ற மாதிரி இருந்தது" என்று எழுதியிருந்தார். அந்த ட்ராக்கில் மேளமே இல்லை. தகரக் கதவில் தட்டிய சத்தத்தைப் பதிவுசெய்து சுருதி இறக்கினது. நான் திருத்தவில்லை.

ஒரே சிக்கல், பேண்ட்காம்ப் காசு பேபாலுக்குத்தான் வரும். இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் காசு கொடுக்கலாம், வாங்க ஏலாது. அதனால் கனடாவில் இருக்கும் மச்சானின் கணக்குக்குப் போகிறது. அவன் சேர்த்து வைத்து ஊருக்கு வரும்போது கொண்டுவருவான். போன முறை காசுக்குப் பதிலாக ஒரு சப்பாத்துச் சோடி கொண்டுவந்தான். அளவும் சரியில்லை.


ஸ்காபரோ_செலக்டர் | கனடா | யூலை 6, மாலை 6.30

வாங்கும் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். எங்கட கலியாண வீடுகளிலும் கிளப்பிலும் டீஜே பண்ணுகிறேன், மாதம் 25, 30 ட்ராக் காசு கொடுத்து வாங்குவேன். இரவு_பேஸ், முன்பின் தெரியாத ஒருவருக்கு 214 என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. அவை 214 முறை யாரோ ஒரு டீஜே ஹெட்போனைப் போட்டு, ஒன்றரை நிமிடம் கேட்டு, அட்டையைத் தட்டியவை. யூடியூப் வியூ மாதிரி ஓடிப்போகிறவை இல்லை.

பறை_808 சொல்வதில் ஒரு விஷயம் விடுபடுகிறது. அவரிடம் வாங்கிய 29 பேருக்கும் அவர் யார் என்று முன்பே தெரியும். லேபிள் கொண்டுவருவது தெரியாத ஆட்களை. நான் ஒரு லேபிளைப் பின்தொடர்ந்தால் அதில் வரும் புதுப் பெயர் எல்லாவற்றையும் கேட்பேன். கொக்குவிலில் ஒரு பையன் இருக்கிறான் என்று நானாகத் தேடிப் போவேனா?

ஆனால் பழைய மாதிரி இல்லை. ஒருகாலத்தில் 12 அங்குல இசைத்தட்டு ஒன்றுக்கு 10, 12 டொலர் கொடுத்தோம். கூடப் படித்த டீஜேக்களில் பாதிப் பேர் இப்போது மாதச் சந்தாவில் ஸ்ட்ரீம் பண்ணியே போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் என்னைப் போலக் கிழட்டு ஆட்கள்.


ஹிட்_மேக்கர்_என்பி | நீர்கொழும்பு | யூலை 6, இரவு 8.12

ஏன் இந்த ஒரு டொலர் ரெண்டு டொலர் பிச்சை? ஸ்பொட்டிஃபையில் போட்டு ஒன்று வைரலானால் மில்லியன். லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. எங்கட ஆள்தானே, அவ எங்க போனா பாருங்கோ.


நிலா_சின்த் | திருநெல்வேலி | யூலை 6, இரவு 9.50

எம்.ஐ.ஏ. கதையை விடுங்கோ தம்பி. அவர் லண்டனில் ரோலண்ட் எம்சி-505 என்ற இசைக் கருவி ஒன்றை வைத்துப் பாட்டுக் கட்டத் தொடங்கிய காலத்தில் ஸ்பொட்டிஃபையே இல்லை.

இந்த ஊருக்கு ஸ்பொட்டிஃபை வந்தது 2021 மாசியில். ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது, மொத்தப் பணத்தைப் பங்கிடுகிறார்கள். ஆனால் ஏறத்தாழ 0.003 டொலர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 100 டொலருக்கு 33,000 முறை ஓட வேண்டும். இந்த வருடம் தொடக்கம் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது: பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத ட்ராக்குக்கு ஒரு சதமும் இல்லை. என் பழைய ட்ராக்குகளில் பதினொன்று அந்தக் கோட்டுக்குக் கீழே. உங்களுடையது எத்தனை, பார்த்தீர்களா?

இனி இரவு_பேஸ் கேட்டதற்கு வருகிறேன். நான் என் பெயரில் ட்ராக் விற்று வருடத்தில் 70, 80 டொலர் பார்க்கிறேன். என் பெயர் இல்லாமல் விற்பது வேறு. கோஸ்ட் புரொடக்ஷன். வெளிநாட்டு டீஜே ஒருவருக்கு முழு ட்ராக்கையும் செய்து, எல்லா உரிமையையும் எழுதிக்கொடுத்து 300 டொலர். வருடத்துக்கு ஐந்தாறு போகும். ஒரு நாள் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்த பாட்டில் என் பேஸ்லைன் வந்தது. சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லலாமா என்று மட்டும் யோசித்தேன்.

காசு வரும் வழிதான் எல்லோரும் சறுக்கும் இடம். பேபால் இங்கே உதவாது. பேயோனியர் என்ற பணச் சேவையில் கணக்குத் திறந்து வைத்தால் அதிலிருந்து இலங்கையில் உள்ள வங்கிக் கணக்குக்கு எடுக்கலாம், கட்டணம் உண்டு, சின்னத் தொகையாக எடுக்கக் கூடாது, சேரவிட்டு எடுக்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் ரோயல்டி தருவதென்றால் டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுங்கோ. கொடுக்காவிட்டால் 30 வீதம் வரி பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால் அந்தப் படிவத்தில் ஒப்பந்தப் பகுதியை நிரப்பினால் வீதம் குறையும். அந்தப் பகுதியை வெறுமையாக விட்டு ஒரு வருடம் முழுவதும் 30 கொடுத்த புத்திசாலி நான்தான்.


கசற்_காலம் | யாழ். நகர் | யூலை 7, காலை 7.15

பிள்ளைகள், நான் இந்த உரையாடலில் மூத்தவன் போலிருக்கிறது.

தொண்ணூறுகளில் கரண்டே இல்லை, நீங்கள் 13 மணித்தியாலத்தைக் கதைக்கிறீர்கள். பற்றரியும் தடைப்பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி டைனமோவில் பாட்டுக் கேட்டோம். ஒருவர் மிதிக்க நாலு பேர் கேட்பார்கள். மிதிக்கிறவர் களைத்தால் பாட்டுக்காரரின் குரல் இறங்கிக்கொண்டே போகும். உங்கள் பிட்ச் பெண்ட் எல்லாம் எங்களுக்கு அப்போதே தெரியும்.

பிறகு நான் கசற் பதியும் கடை வைத்திருந்தேன். வெறும் கசற்றும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவருவார்கள், பதிந்து கொடுப்பேன். ஒரு கசற்றுக்கு இவ்வளவு என்று எனக்குக் காசு. பாடியவருக்கு, இசையமைத்தவருக்கு? ஒரு சதமும் போகவில்லை. அது அப்போது பிழையாகவே தெரியவில்லை. இப்போது இந்தத் தம்பி 24 சதத்துக்குக் கணக்குக் கேட்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் குறுகுறுக்கிறது.

என்னைக் கேட்டால் உள்ளூரையும் பாருங்கோ. இன்றைக்குச் சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் பிள்ளை மண்டபத்துக்குள் வரும் நேரத்துக்கென்று மூன்று நிமிட இசை கேட்கிறார்கள். என் பெறாமகன் அதற்கு 15,000 ரூபா வாங்குகிறான். இரண்டு நாள் வேலை. இரவு_பேஸுக்கு வருடம் முழுவதும் சேர்ந்த 51 டொலரும் இன்றைய விலைக்கு அதே 15,000தான்.


கணக்கப்பிள்ளை | நல்லூர் | யூலை 7, காலை 8.02

அண்ணை சொன்ன அதே 51 டொலர், 2022 தொடக்கத்தில் 10,000 சொச்சம். அப்போது டொலர் 200. பங்குனியில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு வைகாசியில் 360 வரை போய், இப்போது 300இல் நிற்கிறது. டொலரில் உழைப்பவனுக்கு லாபம் என்று என் மகன் துள்ளினான். அவன் அந்த மாதம் வாங்க நினைத்த எஃப்எல் ஸ்டூடியோவும் டொலரில்தான் என்பது பிறகு விளங்கியது. 199 டொலர். இரவு_பேஸின் கணக்குப்படி பார்த்தால் அந்த மென்பொருளின் காசை எடுக்கவே 800க்கு மேல் ட்ராக் விற்க வேண்டும்.

(கிராக், அதாவது களவுப் பிரதி, போட்டுத்தானே எல்லோரும் தொடங்கினீர்கள் என்று எனக்கும் தெரியும். அதை இங்கே கதைக்க வேண்டாம்.)


பறை_808 | சாவகச்சேரி | யூலை 7, பகல் 1.44

சரி, நான் மறைத்து வைத்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ட்ராக் காசு முக்கியமில்லை. சாம்பிள் பாக், அதாவது மற்றவர்கள் தங்கள் பாட்டில் போட வெட்டி விற்கும் ஒலிக் கோப்புகள்.

மாசியில் இணுவிலில் ஒரு தவில் வித்துவான் வீட்டில் இரண்டு நாள் இருந்து பதிவுசெய்தேன். தவிலின் வலந்தலைப் பக்கம் (வலது முகம்) ஒரு மைக், தொப்பிப் பக்கம் (இடது முகம்) ஒன்று, தூரத்தில் முற்றத்து வேம்பில் ஒன்று. தனித்தனி அடிகள், சொற்கட்டுகள், லூப்புகள் என்று வெட்டி 140 கோப்பு. 15 டொலர். நாலு மாதத்தில் 61 விற்றது. பேர்லினில், மெக்சிக்கோவில், ஜப்பானில் எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். கட்டணமெல்லாம் போய் 730 டொலர் மட்டில். மூன்று வருடம் ட்ராக் விற்றும் இவ்வளவு பார்க்கவில்லை. டெக்னோ செய்ய எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறது மச்சான், தவில் இங்கேதான் இருக்கிறது.


தவில்காரன்_பேரன் | இணுவில் | யூலை 7, பகல் 2.20

அந்த வித்துவானுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?


பறை_808 | சாவகச்சேரி | யூலை 7, பகல் 2.31

20,000. கேட்டதைக் கொடுத்தேன். சாப்பாடும் அவர் வீட்டில்தான், நல்ல மனிசன்.


தவில்காரன்_பேரன் | இணுவில் | யூலை 7, பகல் 2.58

730 டொலர் என்றால் இன்றைக்கு 2 இலட்சத்து 19,000 ரூபா. அதில் 20,000.

கோவிலில் ஒரு நாள் கூலி கொடுப்பது, அந்தச் சத்தம் அன்றைக்கே காற்றில் போய்விடும் என்பதால்தான். அடுத்த திருவிழாவுக்கு அவரைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். நீங்கள் எடுத்தது இனி ஒவ்வொரு நாளும் விற்கும். வாங்கியவர் எத்தனை பாட்டில் போட்டாலும் கேள்வி இல்லை என்றுதானே "ரோயல்டி ஃப்ரீ" என்று எழுதி விற்கிறீர்கள்? மெக்சிக்கோவில் ஒரு கலியாண வீட்டில் அவருடைய வலது கை வாசிக்கும், அவர் இங்கே வீட்டில் படுத்திருப்பார். அவரைக் கூப்பிட இனி ஆருக்கும் தேவை இல்லை.

என் தாத்தா விரலில் கூடு போட்டுப் போட்டு நகக்கண் எல்லாம் காய்த்துப்போனவர். அந்த ஒரு அடி வர இருபது வருடம் பிடித்தது என்று சொல்லுவார். அதை நீங்கள் "டொன்_04" என்று பெயர் வைத்து ஒரு கோப்பாக்கியிருக்கிறீர்கள். நானும் வாங்கினேன். அதனால்தான் தெரியும்.


பறை_808 | சாவகச்சேரி | யூலை 7, பகல் 3.40

நான் களவெடுக்கவில்லை. மைக் என்னுடையது. மூன்று கிழமை இரவிரவாக இருந்து வெட்டினது நான். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததை மட்டும் எடுக்கவே இரண்டு நாள். கேட்ட தொகையைத்தானே கொடுத்தேன்?


நிலா_சின்த் | திருநெல்வேலி | யூலை 7, மாலை 5.15

அவர் கேட்ட தொகை கோவில் கணக்கு. நீங்கள் விற்கும் கணக்கு அவருக்குத் தெரியாது, நீங்கள் சொல்லவும் இல்லை. என்னிடம் ட்ராக் வாங்கும் டீஜேயும் இதையேதான் என்னிடம் சொல்வான், "நீ கேட்டதைத் தந்தேன்" என்று. ஆனால் எனக்கு அவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரியும். அந்த வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வாசிப்பவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது, பாட்டு எழுதியவருக்கு மட்டுமில்லை. கைச்சாத்து இல்லாமல் விற்கிறீர்கள் என்றால் நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் உங்கள் பாக்கை எடுக்க வந்தால் முதலில் கேட்பது அந்தப் பேப்பரைத்தான்.


ஸ்காபரோ_செலக்டர் | கனடா | யூலை 7, இரவு 8.20

பேப்பர் என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது. நெதர்லாந்தில் யங்கியோ என்ற பையன், பீட் விற்கும் தளமான பீட்ஸ்டார்ஸில் போட்ட ஒரு பீட்டை (பாடலுக்கான பின்னணி இசையை) அமெரிக்கப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் 30 டொலருக்கு வாங்கினார். அதில் செய்த பாட்டு 2019இல் பில்போர்ட் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. அந்த 30 டொலர் வாடகைக்குத்தான், முழு விற்பனைக்கு இல்லை. தயாரிப்பாளர் என்றும் எழுதியவர்களில் ஒருவர் என்றும் அவன் பெயர் பாட்டில் இருக்கிறது. அந்த பீட்டுக்குள் இருந்த இன்னொரு குழுவின் சாம்பிளுக்கு, அவர்களின் பெயரும் எழுதியவர்கள் வரிசையில் ஏறியது. அதாவது சாம்பிளுக்குள் வாசித்தவனையும் கேட்டார்கள்.

இங்கே யாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கும் என்று சொல்லவில்லை. அடித்தால் வித்துவானின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.


கசற்_காலம் | யாழ். நகர் | யூலை 7, இரவு 9.30

தம்பி 808, கோபப்படாதேயும். நான் செய்ததைவிட நீர் செய்தது எவ்வளவோ மேல், நான் ஒருவருக்கும் 20,000 கொடுக்கவில்லை. நாளைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இணுவிலுக்குப் போய் உள்ள கணக்கைச் சொல்லும். மிச்சம் அவர் சொல்லுவார்.


இரவு_பேஸ் | கொக்குவில் | யூலை 18, இரவு 10.05

திரும்பி வந்தேன். ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்தேன், கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன வரி இல்லவே இல்லை. லேபிளுக்கு எழுதினேன்: இரண்டாவது இபி வேண்டுமென்றால் 100 டொலர் எல்லையை எடுங்கோ, மீதியை இப்போதே அனுப்புங்கோ என்று. இரண்டு நாளில் பதில் வந்தது. "நீங்கள் கேட்டதே இல்லையே" என்றார்கள். அவ்வளவுதான்!

பேயோனியர் கணக்கு உறுதியாக இன்னும் நாள் எடுக்கும் என்பதால் பொறுமை இல்லாமல் வங்கி இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன். 51.31 அனுப்பினார்கள். இடையில் எங்கோ ஒரு வங்கி, அதற்குப் பிறகு இன்னொன்று, எல்லாமாக 18 டொலர். வந்து சேர்ந்தது 33.31. ரூபாவில் 9,926.

வங்கியில் கூப்பிட்டு வைத்து ஒரு படிவம் தந்தார்கள். பணம் எதற்காக வந்தது என்று ஒரு கட்டம். கவுண்டரில் இருந்த அக்கா கேட்டார், "வெளிநாட்டில ஆர் தம்பி, அண்ணாவோ?" பாட்டு விற்ற காசு என்றேன். "நீங்கள் பாடுவீங்களோ?" இல்லை, கணனியில் செய்வது என்றேன். கொஞ்ச நேரம் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். குடும்பச் செலவு இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, பாட்டு இல்லை. பக்கத்து அண்ணாவைக் கேட்டார். அவர் எட்டிப் பார்த்து, "வேறு என்று போடுங்கோ" என்றார்.


நிலா_சின்த் | திருநெல்வேலி | யூலை 18, இரவு 10.22

சேரவிட்டு எடுங்கோ என்று எழுதியிருந்தேனே தம்பி. லேபிள் செலவுக்குக் கழித்ததில் உங்கள் பங்கு 30, வழியில் போனது 18. அடுத்த முறை பேயோனியர் உறுதியாகும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கோ.


கணக்கப்பிள்ளை | நல்லூர் | யூலை 19, காலை 6.35

ட்ராக் ஒன்றுக்கு 46 ரூபா 38 சதம். பதிவுக்காகச் சொல்கிறேன்.


பறை_808 | சாவகச்சேரி | யூலை 21, மாலை 4.10

போனேன். வாழைப்பழமும் கொண்டுபோனேன்.

கணக்கை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, முதலில் போட்டுக் காட்டச் சொன்னார். தொலைபேசியில் போட்டேன். மூன்றாவது லூப்பில் கையைத் தூக்கி நிறுத்தினார். "இது மிஸ்ரசாபு. ஏழு. நீர் எட்டாக்கி வைச்சிருக்கிறீர். அந்தக் கடைசி ஒன்று ஆர் வாசிச்சது?" நான்தான், நாலுக்கு நாலில் பொருந்த வேண்டும் என்று ஒரு அடியைப் பிரதிபண்ணி ஒட்டியிருந்தேன். டெக்னோவுக்கு ஏழு சரிவராது என்று விளக்கப் பார்த்தேன். "அப்ப ஏழு வேண்டாமெண்டு சொல்லியிருந்தால் ஆதி தாளத்தில, எட்டில வாசிச்சிருப்பனே" என்றார். 2 இலட்சத்தை விட அந்த ஒரு அடிதான் அவருக்குக் கோபம்.

காசுக் கதை பிறகுதான் வந்தது. இனி விற்பதில் கட்டணம் போக 30 வீதம் அவருக்கு, இதுவரை விற்றதிலும் அதே. முன்பு கொடுத்த 20,000 வேலைக்கூலி, அதைக் கழிக்கக் கூடாது என்று அவர் மகள் சொன்னா, சரி என்றேன். ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாக்கின் பெயரிலும் அவர் பெயர் வரும். ஏழை எட்டாக்கிய லூப்புகளைத் தூக்கிவிட்டேன், ஒன்பது கோப்பு.


தவில்காரன்_பேரன் | இணுவில் | யூலை 21, மாலை 4.45

அவர் எனக்குப் பெரியப்பா முறை. நேற்றே சொல்லிவிட்டார். "பெடியன் பழம் கொண்டுவந்தவன், தாளம்தான் தெரியாது" என்றார்.


இரவு_பேஸ் | கொக்குவில் | யூலை 21, மாலை 6.20

பேரன் அண்ணா, ஒன்று கேட்கலாமோ? எனக்கு லூப் பாக் எதுவும் வேண்டாம். ஒரு ட்ராக் முழுக்க ஏழிலேயே செய்து பார்க்க ஆசை, கிக் மேளத்தையும் ஏழுக்கே வைத்து. பெரியப்பா நேரே வாசிப்பாரா? இரண்டாவது இபியில் போடலாம். லேபிளிடம் அவர் பெயரைத் தனியாகப் போட்டுப் பங்கும் பிரிக்கச் சொல்லி எழுதுகிறேன். என்னிடம் மைக் இல்லை, 808 அண்ணாவிடம் இரவல் கேட்கிறேன்.


பறை_808 | சாவகச்சேரி | யூலை 21, மாலை 6.31

மைக் தருகிறேன். நாய்க்கு நீதான் பொறுப்பு.


தவில்காரன்_பேரன் | இணுவில் | யூலை 21, இரவு 7.50

கேட்டேன். ஏழில் கிக் என்றவுடன் சிரித்தார், வரச் சொன்னார். இந்தக் கிழமை வேறு வாசிப்பு இரண்டு இருக்கிறது. அதற்குள் ஏலாவிட்டால் நல்லூரில் கொடி ஏறிவிடும், தீர்த்தம் முடியும்வரை ஆளைப் பிடிக்கவே முடியாது. வியாழன் காலை எட்டு மணிக்கு முன்பு வாருங்கோ. பிந்தினால் பக்கத்துக் காணிக்காரர் தண்ணிப் பம்பைப் போட்டுவிடுவார்.